மறத்தல் என்னும் அமானிதம்

ஒருவர் மற்றொருவருக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. சில நாள் கழித்து எழுதியவர் மனம் மாறி, "அதைக் கிழித்தெறிந்துவிடுங்கள், நான் அவ்வாறு எழுதியிருக்கக் கூடாது" என்று சொல்லியனுப்புகிறார். பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? தாள் இப்பொழுது பெற்றவரின் உடைமை என்பதில் ஐயமில்லை. ஆனால் தாளின் மீதிருக்கும் சொல் யாருடையது? கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடங்களைப் பல்லாண்டுகள் ஓதிக் கொடுத்தவன் என்ற முறையில் இதற்கு எளிதாக விடை சொல்லிவிடலாம் என்றே நான் எண்ணியிருந்தேன். அன்பளிப்பாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது வேறு. அடைக்கலமாக வைத்ததைத் திரும்பக் கேட்பது வேறு. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் தீர்ப்பும் தெரிந்துவிடும். ஆனால் சொல் எந்த வகையைச் சேர்ந்தது?

இந்த வினா வகுப்பறையில் எழுந்ததன்று. முன்னர் என்னிடம் அரபு இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கணினி மென்பொருள் எழுதிப் பிழைக்கிறார். அவர் ஒரு நாள் அஸருக்குப் பின் வீட்டுக்கு வந்து, "ஹஜ்ரத், நான் எழுதிய நிரலில் ஒரு பிழையைக் கண்டு திருத்தினேன். திருத்திய பிறகுதான் அது பிழை மட்டுந்தானா, குற்றமுமா என்று மனம் உறுத்துகிறது" என்று தம் சங்கடத்தை எடுத்து வைத்தார். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை.

அவர் செய்யும் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். 2006-இல் ட்விட்டர் என்ற பெயரில் தொடங்கி 2023 முதல் எக்ஸ் என வழங்கும் குறும்பதிவு அமைப்பை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். நாலு வரி எழுதி வெளியிடுவது, பிறர் எழுதியதைப் படிப்பது, விரும்பியவரைப் பின்தொடர்வது, இவ்வளவுதான் அங்கே நடப்பது. ஆனால் எழுதப்படும் அத்தனை சொல்லும் ஒரே நிறுவனத்தின் பெட்டகத்தில் கிடக்கின்றன. பெட்டகம் கைமாறினால் எல்லோருடைய சொல்லும் கைமாறும். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அந்நிறுவனத்தை வாங்கியபோது இது பலருக்கும் உறைத்தது. உறைப்பதற்கு முன்பே மாற்று வழி தேடியவர்களும் உண்டு. மாண்ட்ரியாலில் வாழும் இவான் புரோட்ரோமு 2008-இல் ஐடென்டிகா என்னும் தளத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் 2016-இல் மாஸ்டடான் என்னும் மென்பொருளை வெளியிட்டார். அதன் நிரல் முழுவதும் எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாகத் திறந்தே கிடக்கிறது. ஒரு கணினியை வாடகைக்கு எடுத்து அதை நிறுவிக்கொண்டால் நீங்களே ஒரு வீட்டுக்காரர். உங்கள் வீட்டில் நூறு பேரைக் குடிவைக்கலாம். நீங்கள் மட்டும் தனித்தும் இருக்கலாம். இத்தகைய வீட்டைத்தான் சர்வர் என்கிறார்கள்.

நம் மஹல்லாக்களை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு விளங்கும். ஒவ்வொரு மஹல்லாவுக்கும் தனிப் பள்ளிவாசல், தனி நிர்வாகம், தனிப் பதிவேடு. ஒன்றுக்கு மற்றொன்று மேலதிகாரி அன்று. வெளியூர் மாப்பிள்ளைக்கு இங்கே நிக்காஹ் என்றால், அவருடைய ஜமாஅத்திலிருந்து முத்திரையிட்ட கடிதம் வரும். அதை நம்பி இங்குள்ள நிர்வாகம் காரியத்தை நடத்தும். சர்வர்களும் இப்படியே ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்கின்றன. கடிதத்தின் வாசகம் எவ்வாறு அமைய வேண்டும் என்று வகுத்திருக்கும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 2018 ஜனவரி 23 அன்று தன் பரிந்துரையாக வெளியிட்டது. மாஸ்டடான் மட்டுமன்றி, புகைப்படங்களுக்கான பிக்ஸல்ஃபெட், காணொளிகளுக்கான பியர்டியூப் முதலியனவும் அந்த மொழியையே பேசுகின்றன. என் மாணவர் இவற்றில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நெறிமுறையைப் படித்துத் தாமே ஒரு சிறிய சர்வர் மென்பொருளை எழுதி, நண்பர்கள் சிலரை அதில் குடிவைத்திருக்கிறார். ஸர்ஃபு பாடத்திலும் அவர் இப்படித்தான். வாய்பாட்டை மனனம் செய்ய மாட்டார்; தாமே அமைத்துப் பார்ப்பார்; பாதி தவறாக இருக்கும்; ஆனால் சரியான பாதியை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

இவ்வமைப்பில் ஒரு பதிவு எழுதப்பட்டால் அது எழுதியவர் வீட்டில் மட்டும் இருப்பதில்லை. அவரைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்களோ அந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி போகிறது. அங்கங்கே தரவுத்தளத்தில் எழுதி வைக்கப்படுகிறது. ஐம்பது சர்வர்களில் அன்பர்கள் இருந்தால் ஐம்பது பிரதி. பின்பு எழுதியவர் மனம் மாறி அழிக்கும் பொத்தானை அழுத்துகிறார். அவர் வீட்டில் அது அழிந்துவிடும். மற்ற வீடுகளுக்கு, "இன்ன முகவரியுள்ள பதிவை நான் அழித்துவிட்டேன்" என்று மறுபடி ஒரு கடிதம் போகும். அவ்வளவுதான். பெற்ற சர்வர் அழிக்கலாம், அழிக்காமலும் இருந்துவிடலாம். உள்ளே புகுந்து பார்த்துவர அனுப்பியவருக்கு வழியில்லை.

நெறிமுறையை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. ஒரு பதிவு வேறு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அங்கே அது அழிக்கப்படுவதைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் இந்நெறிமுறைக்கு இல்லை என்று அதிலேயே குறித்துவிட்டார்கள். அவர்கள் கையாண்ட ஏவற்சொல்லும் கவனிக்கத்தக்கது. இணைய நெறிமுறைகளில் ஏவற்சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. 1997-இல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2119 என்னும் ஆவணம் அதை வரையறுக்கிறது. 'மஸ்ட்' என்றால் செய்தே தீர வேண்டும். 'ஷுட்' என்றால் செய்ய வேண்டும். ஆயினும் தக்க காரணம் இருந்து, விளைவை நன்கு எடைபோட்டுப் பார்த்தபின் விடலாம். 'மே' என்றால் செய்தாலும் சரி, விட்டாலும் சரி. மாணவர் இதை விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். "தம்பி, இது நாம் ஓதிய பாடந்தானே?" என்றேன். பர்ளு, சுன்னத்து, முபாஹ் என்று ஃபிக்ஹுக் கிதாபுகள் செயல்களைத் தரம் பிரித்ததைப் போலவே, முற்றிலும் வேறான தேவைக்காகப் பொறியாளர்களும் பிரித்திருக்கிறார்கள். ஒப்புமையை வெகுதூரம் இழுக்கக் கூடாது; ஆனால் மனிதன் கடமையைப் பற்றி எண்ணத் தொடங்கினால் இந்தப் படிகளில் வந்து நிற்காமல் போக முடிவதில்லை போலும். "அழிப்பு எந்தப் படியில் இருக்கிறது?" என்று கேட்டேன். "ஷுட் தான், ஹஜ்ரத்" என்றார். அழிப்புக் கடிதத்தைப் பெற்ற சர்வர் தன்னிடமுள்ள பிரதியை நீக்க வேண்டும் என்பது ஷுட். நீக்கிய இடத்தில் ஓர் அடையாளக் கல்லை நட்டு வைக்கலாம் என்பது மே.

அடையாளக் கல் என்றது என் கற்பனையன்று. அழிக்கப்பட்ட பதிவின் இடத்தில் நிற்கும் பொருளுக்கு அவர்கள் இட்ட பெயரே 'டூம்ஸ்டோன்'. நம் வழக்கில் மீஸான் கல். இன்ன வகைப் பதிவு இங்கே இருந்தது, இன்ன நாளில் நீக்கப்பட்டது என்பது மட்டும் அதில் இருக்கலாம். எழுதிய வாசகம் இராது. எவரேனும் பழைய முகவரியைத் தேடி வந்தால், கல் உள்ள இடத்தில் 410 என்னும் விடை கிடைக்கும்: இருந்தது, போய்விட்டது என்று பொருள். கல் இல்லாத இடத்தில் 404: அப்படி ஒன்றைக் காணோம். கல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு. கடிதங்கள் எழுதப்பட்ட வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. அழிப்புக் கடிதம் முந்திக்கொண்டு வந்துவிட, மூலப்பதிவு வழியில் தாமதித்துப் பின்னால் வரலாம். கல் இருந்தால், 'இது அழிக்கப்பட்டதாயிற்றே' என்று சர்வர் அதைத் திருப்பிவிடும். கல் இல்லாவிட்டால் அழிந்தது மறுபடி குடியேறிவிடும். ஒன்றை மறக்க வேண்டுமானால், அதை மறந்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது! மன்திக் ஓதியவர்கள் இதைச் சற்று நேரம் சுவைத்துப் பார்க்கலாம்.

வினாவுக்கு வருவோம். நிறைவேற்றி வைக்க எவருமில்லாத கடமை, கடமைதானா? மாணவரோடு பணிசெய்யும் நண்பர் ஒருவர் இல்லை என்கிறாராம். அவர் வாதம் வலுவற்றதன்று. "காவலனும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, கண்டுபிடிக்கும் வழியும் இல்லை. அப்படியிருக்க அழிப்புக் கடிதம் ஒரு மரியாதை வேண்டுகோள். கேட்டால் நல்லவன், கேட்காவிட்டால் குற்றவாளி அல்லன். அழிந்துவிட்டது என்று மக்களை நம்ப வைப்பதுதான் குற்றம்." இதன் கடைசி வாக்கியத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அழிக்கும் பொத்தானுக்கு அருகே, 'பிற சர்வர்களுக்கும் வேண்டுகோள் அனுப்பப்படும். அவை ஏற்கும் என்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதி வைப்பதே நேர்மை. எஞ்சிய வாதத்தை ஏற்க என்னால் இயலவில்லை.

கட்டாயப்படுத்த முடியாத இடத்தில்தான் அமானிதம் என்ற சொல்லே பிறக்கிறது. பணத்தைப் பூட்டி, சாட்சி வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது கடன். எதுவுமில்லாமல் ஒருவர் கையில் வைத்துவிட்டுப் போனால் அது அமானிதம். ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்னும் பாடம் முழுவதும் இதைப் பற்றியதே. அந்தப் பாடத்தில் ஒரு நுட்பம் உண்டு. அடைக்கலப் பொருளை வைத்திருப்பவனின் கை 'அமானத்தின் கை'. அவன் கவனக்குறைவு இல்லாமல் பொருள் அழிந்தால் அவன் ஈடு கட்ட வேண்டியதில்லை; அவன் சொல்லே ஏற்கப்படும். ஆனால் உரியவர் வந்து திருப்பிக் கேட்டு, தக்க காரணமின்றி அவன் மறுத்தால், அந்தக் கணமே அவன் கையின் தன்மை மாறிவிடுகிறது. அது 'ளமானின் கை', அதாவது ஈடு கட்டக் கடமைப்பட்ட கை ஆகிவிடும். பொருள் இடம் மாறவில்லை, பெட்டி மாறவில்லை, பூட்டு மாறவில்லை. கேட்கப்பட்டது என்னும் ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. சர்வரில் கிடக்கும் பிரதியும் இப்படித்தான் என்பது என் எண்ணம். நேற்றுவரை அது குற்றமற்ற பிரதி. அழிப்புக் கடிதம் வந்த நொடியிலிருந்து அது வேறொன்று. நெறிமுறை ஆசிரியர்கள் ஷுட் என்று எழுதியது தங்கள் கையாலாகாமையின் அளவைத்தான் காட்டுகிறது. பெற்றவனின் பொறுப்பின் அளவை அன்று.

"தெருவில் நின்று சத்தமிட்டுச் சொன்னதும் அமானிதமா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எழுதியவர் தம்மைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று குறித்து எழுதியது அமானிதம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அத்தகைய பதிவுகள் பூட்டிய உறையில் போவதில்லை. பெறுகிற சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். எனவே அவை அந்த நடத்துநரின் நேர்மையையும் அவர் மென்பொருளின் திறமையையும் மட்டுமே நம்பிப் போகின்றன. இந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பது 2025 மார்ச்சில் தெரிந்தது. பிக்ஸல்ஃபெட் மென்பொருளில் இருந்த ஒரு பிழையால், வேறு சர்வரிலுள்ள ஒருவர் தம்மைப் பின்தொடர ஒப்புதல் தருமுன்னரே, ஒப்புதல் கிடைத்துவிட்டதாக அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதே பிக்ஸல்ஃபெட் சர்வரில் முறைப்படி ஒப்புதல் பெற்ற ஒருவர் ஏற்கெனவே இருந்தால், அவருக்காக வந்து சேர்ந்த பிரதிகள் ஒப்புதல் பெறாத மற்றவர் கண்ணிலும் பட்டன. 0.12.5 பதிப்பில் அது திருத்தப்பட்டது. பிழை ஒரு வீட்டில்; மானம் போனது வேறு வீட்டாருக்கு. தம் சர்வரில் எக்குறையும் இல்லாதவர்கள் அவர்கள்.

பொதுப்படையாக எழுதியதைப் பற்றி எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. கேட்டவர் நினைவில் பதிந்ததை அழி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை, நினைவு கேட்டவருடையது. ஆனால் சர்வர் கேட்டவர் அன்று. கேட்டவர் அதில் குடியிருக்கும் வாசகர். சர்வர் அவருக்குக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர். தபால்காரர் கடிதங்களுக்கெல்லாம் நகலெடுத்து வைத்துக்கொண்டு, 'இது என் நினைவு' என்று சொல்ல ஒப்புவோமா? மனித நினைவுக்கு இயல்பாகவே தேய்மானம் உண்டு. ஒருவன் இளமையில் உளறியதை ஊர் மெல்ல மெல்ல மறந்து அவனைப் பெரியவனாக வாழ விடுகிறது. பொறிக்கு அந்தக் கருணை இல்லை. அதற்கு மறதியை எவரேனும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். அது எல்லாவற்றினும் வலிய தடை. ஒருவன் மற்றொருவர் மீது அவதூறு எழுதுகிறான். ஊர் முழுக்கப் பரவியபின் அழித்துவிட்டு, நான் எழுதவே இல்லை என்கிறான். இங்கே மறத்தல் அநீதிக்குத் துணைபோவதாகும். பாதிக்கப்பட்டவரின் ஹக்கு என்ன ஆவது? மாஸ்டடானை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பதிவின் மீது எவரேனும் முறையிட்டிருந்தால், எழுதியவர் பின்னர் அதை அழித்தாலும் பொதுப் பார்வையிலிருந்து மட்டுமே மறையும். முறையீட்டை விசாரிக்கும் பொறுப்பாளர்கள் பார்ப்பதற்காக உள்ளே வைக்கப்படும். அமானிதத்தைத் திருப்பிக் கேட்பவரின் உரிமை, அந்தப் பொருளின் மீதே மூன்றாமவர் ஒருவருக்கு வழக்கு இருக்கையில் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் காத்திருப்பதற்கு ஒரு முடிவு வேண்டும். வழக்கு வரலாம் என்று எல்லாவற்றையும் என்றென்றும் வைத்துக்கொள்வேன் என்பவர் நீதியின் பெயரைச் சொல்லிச் சேமிப்பு நடத்துகிறார்.

மாணவரின் பிழைக்கு வருகிறேன். சர்வர் தான் செய்யும் வேலைகளை வரிவரியாக எழுதி வைக்கும் ஏடு ஒன்று உண்டு. கோளாறு கண்டால் முதலில் புரட்டுவது அதைத்தான். மாணவரின் ஏட்டில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஒரே வகை வரி: 401, கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை, கடிதம் ஏற்கப்படவில்லை. எல்லாம் அழிப்புக் கடிதங்கள். பெரும்பாலும் அவர் சர்வர் கேள்வியே படாத மனிதர்களுடையவை. பெரிய சர்வர் ஒன்றில் ஒருவர் தம் கணக்கையே மூடிவிட்டுப் போனால், அந்தச் சர்வர் தான் அறிந்த எல்லா வீடுகளுக்கும் அதைத் தெரிவித்துவிடும். எங்கே பிரதி தங்கியிருக்கிறதென்று திட்டமாகத் தெரியாதாகையால் எல்லோருக்கும் எழுதுகிறது. சிறிய சர்வர் எழுதுவோர் எல்லோருக்கும் பழக்கமான மழை இது. மாணவர் இதைத் தொல்லை என்று கருதினார். தொல்லைக்கு அலுத்துப்போனவர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தார். அந்த வகை வரிகளை எழுதாதே என்று ஏட்டுக்குச் சொல்லிவிட்டார். ஏடு தூய்மையாயிற்று.

கையொப்பம் ஏன் சரிபார்க்க இயலவில்லை? ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று அவர் வீட்டிலேயே மறைவாக இருக்கும். கடிதத்தில் கையொப்பமிடுவது அதைக் கொண்டு. மற்றொன்று அவருடைய பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைக்கப்பட்டிருக்கும். கையொப்பம் உண்மையா என்று பார்ப்பது அதைக் கொண்டு. கணக்கை மூடிவிட்டவரின் பக்கத்துக்குப் போய்ப் பொதுச்சாவியைக் கேட்டால் 410 என்று விடை வரும், பக்கமே போய்விட்டதே! மவ்த்தானவரின் வஸிய்யத்து வருகிறது. கையெழுத்து அவருடையதுதானா என்று தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்கே போய் அவரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாததால் வஸிய்யத்தைச் செல்லாது என்று தள்ளுவதைப் போன்றது இது. முன்பே வாங்கி வைத்த சாவி கையிலிருந்தால் இந்த இக்கட்டு வராது. ஆனால் மாணவரின் நிரல் சாவியை ஒரு நாள் மட்டுமே வைத்திருந்து, பிறகு புதிதாகப் போய்க் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஆகவே, அறியாதவர்களின் கடிதங்களோடு, அவர் சர்வர் நன்கு அறிந்தவர்களின், உண்மையிலேயே பிரதிகள் தங்கியிருந்தவர்களின் கடிதங்களும் தள்ளப்பட்டன. அனுப்பிய சர்வர்கள் சும்மா இருக்கவில்லை. மாஸ்டடானின் நிரல் இத்தகைய கடிதத்தைப் பதினாறு தடவை வரை, இடைவெளியை நீட்டிக்கொண்டே, மறுபடி முயலும்படி எழுதப்பட்டிருக்கிறது. பதினாறு தடவை கதவு தட்டப்பட்டது. தட்டும் ஓசை கேட்காதபடி மாணவர் தாமே ஏட்டை அடைத்து வைத்திருந்தார்.

சில மாதம் கழித்து அவர் வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், "இவர் கணக்கை மூடிவிட்டதாகச் சொன்னார்களே, நம்மிடம் மட்டும் இன்னும் எல்லாம் தெரிகிறதே" என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டார். திருத்தம் கடினமானதன்று. அறிந்தவரின் சாவியை அவர் கணக்கோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும்படி செய்தார். அறியாதவரின் அழிப்புக் கடிதம் வந்தால், சரிபார்க்க ஓடாமல், பெற்றுக்கொண்டோம் என்று சொல்லி விட்டுவிடும்படி செய்தார். அழிக்க ஒன்றுமில்லாதவனுக்குச் சரிபார்ப்பு எதற்கு? மாஸ்டடானும் இப்படியே செய்கிறது. சாவி இல்லாமற்போய், மூலவீடே 410 என்று சொன்னால், அந்த விடையையே சாட்சியாகக் கொள்ளும்படி மூன்றாவதாக ஓர் ஏற்பாடும் வைத்தார். இந்த மூன்றாவதில் அவர் பெரிதும் தயங்கியிருக்கிறார். சரிபார்ப்பைத் தளர்த்துவது விளையாட்டன்று. அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் செய்தியை ஏற்பது என்ன விளைவிக்கும் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 1 அன்று மாஸ்டடானிலேயே, செய்தியின் மூலவீட்டைப் போதிய அளவு சோதிக்காத ஒரு பிழை திருத்தப்பட்டது; அதைக் கொண்டு வேறு சர்வரிலுள்ள ஒருவரைப் போல் வேடமிட்டு அவர் கணக்கையே கைப்பற்ற முடியும் என்று அறிவித்தார்கள். சர்வர் நடத்துவோர் திருத்திய பதிப்பை நிறுவிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று, அதன் விவரங்களைப் பிப்ரவரி 15 வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். சில நேரம் சொல்லாமல் இருப்பதும் அமானிதந்தான்.

அவர் மனத்தை உறுத்தியது இந்தத் திருத்தமன்று. எந்தெந்தப் பதிவுகள் எஞ்சிவிட்டன என்று கண்டுபிடிக்கத் தரவுத்தளத்தைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டதை, கோளாறு தேடுகிறவர் இயல்பாகச் செய்வதுபோல், முழுவதும் படித்துவிட்டார். முன்பின் அறியாத ஒரு பெண்மணி, தம் இல்வாழ்வின் முறிவைப் பற்றித் தமக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது அது. எழுதியவர் அதை அழிக்கச் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. "அவர் அழித்ததை நான் படித்தேன் ஹஜ்ரத். பழுது பார்க்கத்தான் திறந்தேன். ஆனால் படித்தேன்" என்றார். ஒழுகும் கூரையைச் செப்பனிட வந்தவர் கண்ணில் வீட்டின் உள்ளறை படுகிறது. அது அவர் குற்றமன்று. பட்ட பிறகு பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. பதிவின் எண், நாள், மூலவீட்டின் பெயர் இவற்றை மட்டும் கொண்டே அழிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று அவரே பின்னர் சொன்னார். அப்படியானால் வாசகத்தைத் திறந்தது தேவையால் அன்று, பழக்கத்தால். அன்றிலிருந்து, பழுது பார்க்கும்போது வாசகம் திரையில் தெரியாதபடி ஒரு கருவி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்மணிக்கு எழுதித் தெரிவித்து மன்னிப்புக் கேட்கலாமா என்றார். எழுத முகவரி இல்லை, கணக்கு மூடப்பட்டுவிட்டது. முகவரி தேடிக் கண்டுபிடிப்பது, அவர் மூடிய கதவை இரண்டாம் முறை திறப்பதாகும் என்று நான் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

இன்னொரு சிக்கல் எஞ்சியது. ஒரு சர்வர் ஏழு நாள் கடிதத்துக்குப் பதில் சொல்லாவிட்டால், அது இல்லை என்று கருதி மாஸ்டடான் அதற்கு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். மாணவரின் சர்வர் ஒருமுறை கணினிக் கோளாறால் மூன்று வாரம் படுத்துக் கிடந்தது. அந்த மூன்று வாரத்தில் பலர் பலவற்றை அழித்திருப்பார்கள். கடிதங்கள் வந்து கதவில் முட்டித் திரும்பிப் போயிருக்கும். எழுந்த பிறகு அவற்றை எவரும் மறுபடி அனுப்ப மாட்டார்கள். கேட்கப்பட்டதா என்றே தெரியாத நிலையில் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டா? தூங்கியவன் மீது பேனா எழுதுவதில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். மாணவர் தப்பிக்க விரும்பவில்லை. வைத்திருக்கும் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, மூலவீட்டைத் தட்டி, 'இது இன்னும் அங்கே இருக்கிறதா?' என்று கேட்கும் ஒரு சிறு நிரலை எழுதினார். ஒரே நேரத்தில் கேட்டால் சிறிய வீடுகள் தாங்கமாட்டா. ஆகவே சில நொடிக்கு ஒன்றாக, இரவில் மட்டும் கேட்கும்படி வைத்தார். அது பல இரவுகள் ஓடியது. இருக்கிறது என்ற விடை வந்தவற்றை விட்டுவைத்தார். 410-உம் 404-உம் வந்தவற்றை நீக்கிவிட்டார்.

மூன்றாவது வகை ஒன்று மிஞ்சியது. தட்டினால் வீடே இல்லை. மாஸ்டடான் தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்கள், மூடுவதானால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை இருக்கிறது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு அதுவும் இல்லை. பணமோ பொறுமையோ தீர்ந்து ஒருநாள் அணைந்துவிடுகின்றன. அங்கே குடியிருந்தவர்கள் எழுதியவற்றின் பிரதிகள் மாணவரிடம் இருக்கின்றன. அவற்றை அழிக்கச் சொல்ல அவர்களுக்கு இனி வழியே இல்லை. கையொப்பமிடச் சாவி இல்லை. அவர்களுள் சிலருக்கு உலகில் எஞ்சிய ஒரே பிரதி இதுவாகவும் இருக்கலாம். கண்டெடுத்த பொருளைப் பற்றிய 'லுகதா' பாடத்தில் ஓராண்டு அறிவித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறதே, அதைப் போலச் செய்யலாமா என்று அவர் கேட்டார். எங்கே நின்று, யாரை நோக்கி அறிவிப்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். இப்போதைக்கு அவற்றை எவர் கண்ணிலும் படாத ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அந்தக் கிதாபை எடுத்து வைத்திருக்கிறேன்.